கருவுற்ற தொடக்க மாதங்களில் உதிரப்போக்கு
(பெங்களூரில் தொழிலாளர் நல அலுவலர்களுக்கும் மாணவர்களுக்கும் ஆற்றிய உரை)



பீனியாவிலும் மைசூர் சாலையிலும் உள்ள ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகளில் தையல் இயந்திரங்களின் முன் அமர்ந்திருப்போர் பெரும்பாலும் பெண்களே. அவர்களுள் ஒருத்திக்குக் கருவுற்ற எட்டாவது வாரத்தில் உதிரம் கசிகிறது என்று கொள்வோம். மேற்பார்வையாளரிடம் சொன்னால் கூலி போகும். வீட்டில் சொன்னால் பழி வரும். ஆகவே வாய் திறவாமல் மாலைவரை தைத்துக்கொண்டிருக்கிறாள். இந்த மௌனம் பற்றியே பேச விரும்புகிறேன்.

முதல் மூன்று மாதங்களில் உதிரம் காண்பது அரிதன்று. கருவுற்றோரில் ஏறக்குறைய நால்வரில் ஒருவருக்கு இது நேர்கிறது. அவர்களில் பாதிப்பேருக்காவது கரு நிலைத்து வளர்கிறது. எனவே உதிரம் கண்டதுமே எல்லாம் போயிற்று என்று முடிவு கட்டலாகாது. அலட்சியமும் கூடாது. கரு கருப்பைக்கு வெளியே, கருக்குழாயில் தங்கியிருந்தாலும் இதே அறிகுறி தோன்றும். அடிவயிற்றில் கடும் வலி, தோள் நுனியில் வலி, மயக்கம் இவற்றுள் ஒன்று இருப்பினும் விடியட்டும் என்று காத்திராமல் 108-ஐ அழைக்க வேண்டும். குழாய் வெடித்தால் உதிரம் வயிற்றுக்குள்ளேயே பெருகும். வெளியே தெரிவது சிறிதளவே. வலியில்லாதோரும் அன்றோ மறுநாளோ, வாணி விலாஸ் போன்றதொரு அரசு மருத்துவமனையில் பரிசோதித்துக்கொள்வது அவசியம். ஸ்கேனில் தெளிவாகத் தெரியாவிடில் சில நாள் கழித்து மீண்டும் வரச் சொல்வார்கள். வாரக்கணக்கில் பிழை இருக்கக்கூடும் என்பதே காரணம்.

பப்பாளி தின்றாள், படியேறினாள், பஸ்ஸில் குலுங்கினாள் என்று ஊர் பேசும். உண்மையில், தொடக்கக் கருச்சிதைவுகளில் பாதியளவுக்குக் காரணம் கருவின் குரோமோசோம் கோளாறே. அதில் தாயின் குற்றம் ஏதுமில்லை. படுத்தே கிடந்தால் சிதைவு தடைப்படும் என்பதற்கும் சான்றில்லை. (மாமியார்கள் இதை ஒப்பமாட்டார்கள்!)

இனி அலுவலர்களுக்கு. கருச்சிதைவுக்குப்பின் ஆறு வாரம் ஊதியத்துடன் விடுப்பு என்பதை 1961ஆம் ஆண்டின் மகப்பேற்று நலச் சட்டம் வகுத்தது. அந்த ஆறு வாரமும் அவளை வேலைக்கு வைத்தலையே அது தடுத்தது. 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பும் இவ்வுரிமையைத் தாங்கி நிற்கிறது. ஆனால் மருத்துவச் சான்று வேண்டும். கழிவறையில் அழுதுவிட்டு மறுநாள் இயந்திரத்துக்குத் திரும்பியவளிடம் அது எப்படி இருக்கும்? முதலுதவி அறைச் செவிலியரிடம் அச்சமின்றிச் சொல்லலாம், அன்று மருத்துவமனை சென்றால் கூலி பிடிக்கப்படாது என்ற ஓர் அறிவிப்பைக் கன்னடத்திலும் தமிழிலும் எழுதி, பெண்களின் ஓய்வறைச் சுவரில் ஒட்டுமாறு உங்கள் நிர்வாகத்திடம் இவ்வாரமே கேளுங்கள்.