காய்ச்சலை மறைக்காமல் சொல்ல முடிகிற வேலை



பட்டம் வாங்கும் மாணவ மாணவியரே, உங்களில் பலர் சீக்கிரமே ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், ஸ்ரீசிட்டி என்று கம்பெனி பஸ் ஏறப் போகிறீர்கள். சிலருக்குத் திருத்தணியிலோ சோளிங்கரிலோ கடை வேலை கிடைக்கும். நான் தொழிற்சாலை மருத்துவர். உடம்பு முடியாமல் போகும் நாளில் வேலை உங்களை எப்படி நடத்தும் என்பதைத்தான் பேச வந்திருக்கிறேன்.

கொரோனா இரண்டாம் அலையின்போது ஆலை வாசலில் ஒவ்வொருவர் நெற்றிக்கு நேராகவும் வெப்பமானியை நீட்டுவோம். ஒரு தொழிலாளி பிறகு என்னிடம் சொன்னார்: "பஸ் வர்றதுக்கு முன்னாடியே பாராசிட்டமால் போட்டுக்குவேன் சார். கேட்ல காட்டாது." அவரைப் பொறுப்பற்றவர் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஒரு நாள் வராவிட்டால் அன்றைய சம்பளம் போகும். அதோடு அட்டெண்டன்ஸ் போனஸும் போகும். ஒப்பந்தத் தொழிலாளி என்பதால் அடுத்த வாரம் கூப்பிடாமலே விட்டுவிடலாம். கிருமிநாசினி, முகக்கவசம், வட்டம் போட்ட தரை என்று எல்லாம் செய்தோம். சம்பளம் போகும் என்ற பயத்துக்கு மட்டும் ஒன்றும் செய்யவில்லை. அந்தப் பயம்தான் காய்ச்சலை பஸ்ஸில் ஏற்றி உள்ளே கொண்டுவந்தது.

பயந்தவர்கள் எல்லோரும் வாயை மூடிக்கொண்டிருக்கவும் இல்லை. 2021 மே மாதத்தில் ஒரகடம் ரெனால்ட்-நிஸான் ஆலைத் தொழிலாளர்கள், இடைவெளி விட்டு வேலை செய்ய வழியில்லை என்று சென்னை உயர் நீதிமன்றம் வரை போனார்கள். மே 26 முதல் சில நாள் ஆலை மூடப்பட்டது. அதே வாரம் இருங்காட்டுக்கோட்டை ஹூண்டாய் ஆலையிலும் தொழிலாளர்கள் உள்ளிருப்புப் போராட்டம் நடத்த, உற்பத்தி நின்றது. உயிருக்குப் பாதுகாப்பு கேட்டு நின்றவர்கள் அவர்கள்.

அந்த ஆண்டு டிசம்பரில் நடந்ததை நான் இன்னும் முக்கியமாக நினைக்கிறேன். சுங்குவார்சத்திரம் பாக்ஸ்கான் ஆலையில் ஐபோன் செய்யும் பெண்கள் தங்கியிருந்த விடுதியில் சாப்பாடு நஞ்சாகி 150 பேருக்கு மேல் மருத்துவமனைக்குப் போனார்கள். தோழிகளுக்கு என்ன ஆயிற்று என்று தெரியாமல் மற்ற பெண்கள் சென்னை-பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். டிசம்பர் 18 முதல் ஆலை மூடிக்கிடந்து, 2022 ஜனவரி 12-ல்தான் திறந்தது. விடுதிகளும் உணவுக்கூடங்களும் தங்கள் தரத்தில் இல்லை என்று ஆப்பிள் நிறுவனமே ஒப்புக்கொண்டது. ஆலைக்குள் தரை பளபளவென்று இருக்கலாம். தொழிலாளியின் ஆரோக்கியமோ விடுதி அடுப்படியிலும், ஒரு அறையில் எத்தனை பேர் படுக்கிறார்கள் என்பதிலும் இருக்கிறது.

சம்பளம் போகும் என்ற பயத்துக்கு ஓரளவு மருந்து, ஈ.எஸ்.ஐ. என்னும் தொழிலாளர் காப்பீடு. ஆகவே வேலையில் சேரும் முதல் நாளே ஈ.எஸ்.ஐ. எண்ணைக் கேட்டு வாங்குங்கள். மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்தால், 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் பெரும்பாலான இடங்களில் அது உங்கள் உரிமை. உங்கள் பங்கு சம்பளத்தில் 0.75 சதவீதம், முதலாளி பங்கு 3.25 சதவீதம். 15,000 ரூபாய் வாங்கினால் உங்களிடம் பிடிப்பது சுமார் 113 ரூபாய். மருந்து வாங்க மட்டும்தான் அது என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஆறு மாதப் பங்களிப்புக் காலத்தில் 78 நாளுக்குச் சந்தா கட்டியிருந்தால், நோய்க்காலத்தில் சம்பளத்தில் சுமார் 70 சதவீதம், ஆண்டுக்கு 91 நாள் வரை கிடைக்கும்.

இதில் ஒரு ஓட்டை உண்டு. பொதுவாக முதல் இரண்டு நாளுக்குப் பணம் கிடையாது. தொற்றுக்காய்ச்சல் பக்கத்தில் இருப்பவருக்குப் பரவுவது பெரும்பாலும் அந்த முதல் சில நாளில்தான். அந்த இரண்டு நாள் சம்பளத்தை நிர்வாகம் கொடுக்க வேண்டும் என்று நான் வேலை பார்த்த இடங்களிலெல்லாம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். உங்களில் சிலர் நாளை மனிதவளத் துறையில் உட்காருவீர்கள், சிலர் ஷிப்ட் சூப்பர்வைசர் ஆவீர்கள். யோகா தினம் நடத்துங்கள், மனநல ஆலோசகரை அழைத்து வாருங்கள், இரண்டும் நல்லது. அதற்கு முன்னால், காய்ச்சலில் விடுப்பு எடுத்தவரின் அட்டெண்டன்ஸ் போனஸில் கை வைக்காதீர்கள்.

கடைக்குப் போகிறவர்களுக்கும் ஒன்று சொல்கிறேன். ஜவுளிக் கடையில் நாள் முழுக்க நின்ற பெண்களின் காலில் நரம்பு சுருண்டு கிடப்பதைப் பார்த்திருக்கிறேன். கழிப்பறைக்குப் போக விடமாட்டார்கள் என்று தண்ணீரே குடிக்காமல் சிறுநீர்த் தொற்றோடு வந்தவர்களுக்கு மருந்து எழுதியிருக்கிறேன். தமிழ்நாட்டில் 2021-ல் வந்த சட்டத் திருத்தம் கடை ஊழியருக்கு இருக்கை தர வேண்டும் என்கிறது. கேரளம் 2018-லேயே செய்துவிட்டது. நாற்காலி இல்லையென்றால் கேளுங்கள். தனியாகக் கேட்கப் பயமாக இருந்தால் நாலு பேராகச் சேர்ந்து கேளுங்கள்.

கடைசியாக உங்கள் வீட்டுக்கு வருகிறேன். ஆர்.கே.பேட்டை, அம்மையார்குப்பம், பொதட்டூர்பேட்டை என்று இந்தப் பக்கமெல்லாம் வீடே தொழிற்கூடம். விசைத்தறி ஓடும் அறையில் பேச வேண்டுமென்றால் காதோடு வாய் வைத்துப் பேச வேண்டும். சீலிங் பேனில் பஞ்சு படிந்திருக்கும், அதே பஞ்சுதான் நெஞ்சுக்குள்ளும் போகிறது. நெய்த அளவுக்குத்தான் கூலி. இங்கே பலருக்கு ஈ.எஸ்.ஐ. கிடையாது, விடுப்பு எழுதிக் கொடுக்க மேலாளரும் கிடையாது. ஊரடங்கில் பாவு நூல் வராமல் தறி நின்றபோது இவர்களுக்கு மாதச் சம்பளம் என்று ஒன்று வரவில்லை. பெரிய ஆலைக்கு எழுதிய எந்தச் சட்டமும் இந்த அறைக்குள் சரியாக நுழையவில்லை. இது எனக்கு ஆறாத வருத்தம். சட்டத்தை இந்த அறைக்குள் கொண்டுவரும் வேலையை உங்களில் ஒருவராவது கையில் எடுக்க வேண்டும் என்று கேட்கத்தான் இவ்வளவு தூரம் வந்தேன்.

அதுவரை கையில் இருப்பதைப் பயன்படுத்துங்கள். 2021 ஆகஸ்ட் 5-ல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். கொரோனாவுக்குப் பிறகு மூச்சு வாங்குகிறது, அசதி போகவில்லை என்று அம்மாவோ அப்பாவோ சொன்னால் வயசாகிவிட்டது என்று விட்டுவிடாதீர்கள். மனசு சரியில்லை என்றால் 14416-க்கு எந்த நேரமும் போன் செய்யலாம், தமிழிலேயே பேசுவார்கள். பட்டம் வாங்கிய கையோடு அப்பாவை அரசு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போங்கள். சர்க்கரை, ரத்த அழுத்தம் இரண்டையும் பாருங்கள். காது கேட்பது குறைந்திருக்கிறதா என்றும் மருத்துவரிடம் கேளுங்கள்.