மாத்திரைக்குக் கடன் வேண்டாம்

குழுவில் உள்கடன் கேட்கும்போது சர்க்கரை மாத்திரைக்குன்னு சொல்றவங்களை அடிக்கடி பார்க்கிறோம். காசு தீர்ந்தா மாத்திரையை நிறுத்திடுறோம். ரத்தக்கொதிப்பு மாத்திரையை அப்படி நிறுத்தினா பக்கவாதம்வரை கொண்டுபோய் விட்டுடும்.

காப்பீட்டு அட்டை இல்லாவிட்டாலும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பரிசோதனையும் மாத்திரையும் இலவசம். அரசு மாத்திரையில் வீரியம் இல்லைன்னு பேசுறோமே! மெட்ஃபார்மின், ஆம்லோடிபின் எங்கே வாங்கினாலும் அதே மருந்துதான். 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீடு வீடாக மாத்திரை கொண்டுபோனவங்களும் நம்மைப் போன்ற குழுப் பெண்கள்தான். அவசரத்துக்கு 108 வண்டிக்கும் காசு இல்லை.

வெளியில் வாங்கித்தான் ஆகணும்னா, சீட்டில் மருந்தின் மூலப்பெயரை எழுதச் சொல்லி வாங்குவோம், விலை குறையும்.

மாத்திரைக்குக் கடன் எடுத்தவங்க அடுத்த கூட்டத்துக்குச் சீட்டோட வாங்க. சேர்ந்தே சுகாதார நிலையம் போவோம்.