கூலியும் அன்பும்



மரகதாம்பிகை உடனுறை சந்திரசூடேசுவரப் பெருமானின் தேர்த் திருவிழாவில் கூடியிருக்கின்றோம். இம்மலைமேல் நின்று நோக்கினால் ஆலைக் கூரைகள் தெரிகின்றன. சிப்காட் தொழிற்பேட்டை அமைந்தபின், 1980-இல் அசோக் லேலண்டு ஆலை வந்தது. மொபெட், கைக்கடிகாரம் எனப் பல தொழில்கள் பெருகின. தமிழரும் கன்னடரும் தெலுங்கரும் வடபுலத்து இளைஞரும் ஒரே வாயிலில் நுழைந்து உழைக்கின்றனர்.

முன்னொருநாள் சொற்பொழிவு முடிந்ததும் ஒப்பந்தத் தொழிலாளியான இளைஞர் ஒருவர் நம்மிடம் வந்தார். "ஐயா, பணியை அன்போடு செய்யச் சொன்னீர்கள். என் பக்கத்தில் நிற்பவர்க்கும் எனக்கும் ஒரே வேலை. கூலியோ எனக்குப் பாதி. அன்பு எங்கிருந்து வரும்?" என்றார். அன்று நாம் விடையளிக்கவில்லை. இன்று பிட்டுக்கு மண் சுமந்த பெருமானே விடையளிக்கட்டும்.

வையை பெருகிற்று. கரையடைக்க வீட்டுக்கு ஓர் ஆள் வேண்டுமெனப் பாண்டியன் ஆணையிட்டான். துணையற்ற கிழவி வந்தியின்பொருட்டுக் கூலியாளாய் வந்தவர் சிவபெருமான். வந்தவர் முதலில் பேசியது யாது? கூலி! உதிர்ந்த பிட்டேயாயினும் பேசியபடி பெற்றே கூடையைத் தொட்டார். ஆகவே கூலி கேட்பது இழிவன்று. உரிய கூலியைக் குறைத்துவிட்டுப் பக்தியை உபதேசிப்பது சைவமன்று.

அடுத்தது அச்சம். மன்னன் பிரம்பால் அடித்தான். அவ்வடி எல்லா உயிர்மேலும் பட்டது. அடித்தவன் முதுகிலும் பட்டது! அடியால் கரை அடைந்தது என்பாருளர். அன்று; வந்தியின் அன்புக்காக வந்தவர் கரையை அடைக்கவே வந்தார். மேற்பார்வையாளர்கள் இதனை மறத்தலாகாது.

இனி அன்பு. காம்பீலி நகரத்து நேச நாயனார் நெசவுத் தொழிலர். அவ்வூரைக் கன்னட நாட்டுக் கம்ப்ளி என்பர். மனம் சிவன்பாலும், நா ஐந்தெழுத்திலும், கை தறியிலுமாக இருந்து, நெய்த உடையையும் கீளையும் கோவணத்தையும் அடியார்க்கு அளித்தார். தம் துணியை உடுப்பவர் யாரென்பதை அவர் அறிந்திருந்தார். ஆலையில் ஒரு திருகை முடுக்குபவரும், அந்த வண்டியில் ஒரு குடும்பம் ஏறும் என்று எண்ணினால், அத்திருகு தொண்டாகும்.

கூலி வயிற்றுக்கு, அன்பு நெஞ்சுக்கு. ஒன்றைக் கொடுத்து மற்றொன்றைப் பறித்தல் கூடாது. முன்னது முதலாளியின் கடமை. பின்னது உழைப்பவரின் செல்வம். அவ்விளைஞரைக் கண்டால் இதனைச் சொல்வோம். அவருடைய முதலாளியைக் கண்டால் முதலில் சொல்வோம்.

தேர்வடம் பிடிக்கும் கைகளைப் பாருங்கள். ஏவுவாரில்லை, கூலியில்லை, மொழி வேற்றுமையுமில்லை. ஆயினும் தேர் நகர்கின்றது. அந்த ஊக்கம் நாளை ஆலைக்கும் உடன் வருவதாக!

திருச்சிற்றம்பலம்.