கஞ்சாச் செடியில் குடிநோய்க்கு மருந்து உண்டா?



நாம் கூடியிருக்கும் சாத்தாங்காட்டின் இரும்பு வணிக மையத்தை யாவரும் அறிவோம். இங்குச் சுமை தூக்குவோரில் பலர் நம் கிராமங்களிலிருந்து பிழைக்க வந்தவர்கள். உடல்வலி தீரக் குடிக்கத் தொடங்கிக் கூலியையும் குடும்பத்தையும் இழந்தோர் உண்டு. ‘கஞ்சா குடியை மறக்கடிக்கும்’ என்று எவரேனும் கூறினால், அத்தகைய வீடுகளில் அச்சொல் எளிதில் எடுபடும். ஆகவே உண்மையை அறிந்துகொள்ளுதல் அவசியமாகும்.

ஆமணக்குக் கொட்டையில் நஞ்சு உண்டு. அதிலிருந்து முறைப்படி எடுக்கும் எண்ணெயோ மருந்தாகிறது. அதுபோலவே கஞ்சாச் செடியிலும் பல பொருள்கள் உள்ளன. போதை தருவது ஒன்று. கன்னாபிடியால் என்பது வேறொன்று. இது போதை தருவதில்லை. கடுமையான சிலவகை வலிப்பு நோய்களுக்கு இதனை 2018-இல் அமெரிக்க அரசு மருந்தாக அனுமதித்தது.

ஜெர்மனியில் மன்ஹைம் நகரத்து மனநல ஆராய்ச்சி நிலையத்தார், குடிநோயுற்ற 28 பேரிடம் நடத்திய சோதனையின் முடிவை 2024-இல் வெளியிட்டனர். ஒரு பகுதியாருக்கு 800 மில்லிகிராம் கன்னாபிடியால் ஒரே வேளை அளிக்கப்பட்டது. மற்றவர்க்குப் போலி மருந்து. உரமிட்ட பாத்தியையும் இடாத பாத்தியையும் நாம் ஒப்பிடுவது போன்றதே இது. மருந்துண்டவர்க்கு மது வேட்கை குறைந்து காணப்பட்டது.

ஆயினும், ஒரு பாத்தியின் விளைச்சலை மட்டும் நம்பி ஊர் முழுவதற்கும் விதை வாங்குவோமா? ஒரு வேளை வேட்கை தணிவது வேறு. ஆண்டுக்கணக்கில் குடியை விட்டிருப்பது வேறு. மேலும், கஞ்சா புகைப்பது இம்மருந்தை உண்பதாகாது. அதனால் ஒரு போதையோடு மற்றொன்றும் சேரும். 1985-ஆம் ஆண்டுச் சட்டப்படி கஞ்சா வைத்திருப்பதும் குற்றமாகும்.

புதியது வரட்டும் என்று காத்திராமல், கைவசமுள்ள வைத்தியத்தை நாடுவோம். டைசல்ஃபிரம், நால்ட்ரெக்சோன் போன்ற மருந்துகளை மருத்துவர் ஆராய்ந்து தருவர். டைசல்ஃபிரத்தைக் குடிப்பவர் அறியாமல் சோற்றில் கலந்து கொடுத்தல் பேராபத்து. நாள்தோறும் மிகுதியாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினாலும் வலிப்பும் சித்தக் கலக்கமும் கண்டு உயிருக்கே ஆபத்து நேரலாம். ஆதலின் அறையில் பூட்டி வைப்பது வைத்தியமன்று. ஸ்டான்லி அரசு மருத்துவமனை, கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனை ஆகியவற்றில் சிகிச்சை பெறலாம். 14446 என்ற தொலைபேசி எண்ணில் ஆலோசனையும் கிடைக்கும்.

குடிப்பவரை இகழ்வதால் ஊருக்குப் பயனில்லை. காய்ச்சல் கண்டவரைப் போல் அவரையும் மருத்துவரிடம் அழைத்துச் செல்வோம். ஒவ்வொரு பஞ்சாயத்தும் இவ்வாண்டில் ஒரு குடும்பத்தையேனும் இவ்வாறு மீட்குமாயின், அதுவே சிறந்த கிராமப் பணியாகும்.