கழுகுமலையில் உளி பிடித்தவர்கள்



ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோபுரத்தை நாம் தினமும் பார்க்கிறோம். பதினொரு நிலைகளையும் தாங்கி நிற்பது அடியிலுள்ள கருங்கல் கட்டு. நம் முன்னோர் கல்லை வென்ற விதத்தை அறியக் கழுகுமலைக்குப் போக வேண்டும்.

அங்கே வெட்டுவான் கோயில் ஒரே பாறையில் ஆனது. 8-ம் நூற்றாண்டு, பாண்டியர் காலம். பாறையைச் சுற்றிலும் வெட்டி இறக்கி, நடுவில் ஒரு பெருந்துண்டைத் தனியே நிறுத்தினார்கள். பிறகு உச்சியிலிருந்து கீழ்நோக்கிச் செதுக்கினார்கள். சாரம் தேவைப்படவில்லை, ஆனால் கை தவறினால் மாற்றுக் கல் கிடையாது. அடிப்பாகம் முடியாமலே நிற்கிறது. அதனால்தான் வேலை நடந்த முறை இன்றும் கண்ணுக்குத் தெரிகிறது.

கருங்கல்லில் உளி சீக்கிரம் மழுங்கும். கொல்லன் அதை உலையில் காய்ச்சி, தட்டி, தோய்த்துக் கொடுக்க வேண்டும். உளிக்காரனுக்குப் பின்னால் கொல்லன். இருவருக்கும் சோறு போட்டவன் உழவன்.

பாண்டியர் பெயர் சரித்திரத்தில் நிற்கிறது. இவர்களுக்கு மிஞ்சியதோ, தகப்பன் சிற்பி பொறாமையால் மகனைக் கொன்றான் என்ற கட்டுக்கதை!

தோழர்களே, கல் தூசி இன்றும் குவாரித் தொழிலாளியின் நெஞ்சை அரிக்கிறது. பஞ்சுத் தூசி மில் தொழிலாளியின் மூச்சை அடைக்கிறது. இரண்டையும் தொழில் நோய் என்று சட்டமே ஒப்புக்கொள்கிறது. வெள்ளாமை இல்லாத நாளில் கல் உடைக்கப் போகும் விவசாயத் தோழர்களும் கேளுங்கள்: இருமலைத் தலைவிதி என்று விடாதீர்கள். வைத்தியரிடம் காட்டுங்கள், செய்த வேலையைச் சொல்லி எழுத்தில் பதியச் செய்யுங்கள், சங்கத்துக்குத் தெரிவியுங்கள்.

அன்று அவர்கள் பெயரை எவரும் எழுதி வைக்கவில்லை. இன்று நம் பெயரை நாம் எழுதி வைப்போம்!