மண்ணும் மழையும்



"இசை கற்க ஒலிப்பதிவுக் கருவி துணையா, தொல்லையா?" துணையே என்று சொல்ல வந்திருக்கிறேன். எதிரணி நண்பர், "குருவிடம் நேரே கற்றவர்கள் இந்த ஊரிலே எந்தக் கருவியை வைத்திருந்தார்கள்?" என்று கேட்டார். கைதட்டலையும் வாங்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அய்யா, இந்த ஊரில்தான் வைத்திருந்தார்கள்!

முத்துசுவாமி தீட்சிதர் 1835-ல், தீபாவளியன்று, இந்த எட்டயபுரத்தில் மறைந்தார். சுப்பராம தீட்சிதர் பிறந்தது 1839-ல். அந்த மகானின் குரலை இவர் ஒரு நாள்கூடக் கேட்டதில்லை! தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் இவரைத் தத்தெடுத்து வளர்த்தார்; பாடம் குடும்பத்தில் தங்கியது. ஆனால், "எனக்குப் பிறகு?" சின்னசாமி முதலியார் தூண்டினார், சமஸ்தானம் கைகொடுத்தது, 1904-ல் இதே ஊரில் 'சங்கீத சம்பிரதாயப் பிரதர்சினி' அச்சானது. வெறும் ஸ்வரத்தையா எழுதினார்? எந்த ஸ்வரம் அசையணும், எது வழுக்கணும் என்று கமகத்துக்குத் தனித்தனி அடையாளம் போட்டார். தீட்சிதரின் 200-க்கு மேற்பட்ட கீர்த்தனைகள் அதில் இருக்கின்றன. அவர் கையில் இருந்த ஒலிப்பதிவுக் கருவி, பேனா! (கைதட்டல்)

என் வீட்டுக் கதை ஒன்று. என் மகள் வயதான ஒரு பாட்டு வாத்தியாரிடம் கற்றுக்கொண்டிருந்தாள். 2009-ல், "அப்பா, உள்ளங்கை அளவு டிஜிட்டல் ரெக்கார்டர் வந்திருக்கு, வாங்கித் தாங்க" என்றாள். வாத்தியாரே சம்மதித்துவிட்டார். நான்தான், "காது எதுக்கும்மா இருக்கு?" என்று பேராசிரியர் தோரணையில் மறுத்தேன். (சிரிப்பு)

ஆறே மாதத்தில் அவர் போய்விட்டார். கடைசிக் கீர்த்தனையின் சரணத்தை ஒரே ஒரு முறைதான் பாடிக் காட்டியிருந்தார். நோட்டில் ஸ்வரம் இருக்கிறது. அவர் வளைத்த வளைவு இல்லை. இன்றைக்கும் அவள் அனுபல்லவியோடு நிறுத்திவிடுகிறாள். ஏன் என்று நான் கேட்பதில்லை.

அந்தக் கருவி என்ன செய்யும் தெரியுமா? பழைய டேப்பில் வேகத்தைக் குறைத்தால் சுருதியும் இறங்கிவிடும். அம்மா பாடியது அய்யா பாடினது மாதிரி கேட்கும்! (சிரிப்பு) டிஜிட்டலில் சுருதி மாறாமலே வேகத்தைக் குறைக்கலாம். ஒரே சங்கதியை நூறு தடவை ஓடவிடலாம். வாத்தியாருக்குத் தொண்டை வலிக்காது. நம் பாட்டையும் பதிந்து கேட்கலாம். பாடும்போது நம் காது நமக்கு வக்கீல். பதிவைக் கேட்கும்போது அதுவே நீதிபதி!

"தப்பு என்று கருவி சொல்லுமா?" என்றார் நண்பர். சொல்லாது. அதற்கு குரு வேண்டும். நான் குருவை அனுப்பிவிடச் சொல்லவில்லை; குரு போன பிறகும் பாடம் இருக்கட்டும் என்கிறேன்.

நம்ம கரிசல் மண்ணைப் பாருங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையை உள்ளே வாங்கி வைத்துக்கொள்கிறது. தை பிறந்து வானம் வறண்டாலும் பருத்தி நிற்கிறது. மண் மழையாகிவிடாது, பெய்த மழையை வீணாக்காது. அவ்வளவுதான் இந்தக் கருவியும்.

இன்றைக்குக் கைபேசியே போதும். வாத்தியாரிடம் அனுமதி கேட்டு, அடுத்த பாடத்தையே பதிந்து வையுங்கள். வீட்டுப் பிள்ளை கேட்டால், என்னை மாதிரி மறுத்துவிடாதீர்கள்.