படிவம் யார் மொழியில் வினவுகிறது?

(ஆர்.கே.பேட்டையில் தமிழன்பர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



மருத்துவப் படக்கருவியைப் பற்றிப் பேசத் தமிழாசிரியனுக்கு என்ன தகுதி என்று எண்ணுவீர்கள். ஆங்கிலப் படிவம் ஒன்றைத் தமிழில் உரக்கப் படித்தவன் என்பதே என் தகுதி.

சென்ற ஆண்டு, முதுகுவலியால் துன்புற்ற என் அண்டைவீட்டு அண்ணனை எம்.ஆர்.ஐ. படம் எடுக்க அழைத்துச் சென்றிருந்தேன். முப்பது ஆண்டு கடைசல் பட்டறையில் உழைத்தவர் அவர். நிலையத்துப் பணியாளர் படிவத்தை எடுத்து, எல்லா வினாவுக்கும் 'இல்லை' என்று தாமே குறியிட்டு, "கையெழுத்துப் போடுங்கள் ஐயா" என்றார். அவரைக் குறைசொல்லேன்; வெளியே பதின்மர் காத்திருந்தனர். ஆயினும் தாளை வாங்கி, ஒவ்வொன்றாய்த் தமிழில் கேட்டேன்.

"அண்ணா, கண்ணில் எப்போதாவது இரும்புத்தூள் பட்டதுண்டா?"

அவர் சிரித்துவிட்டார். "சாணை பிடிக்கிறவன் கண்ணில் படாமல் வேறு எங்கே படும் தம்பி? இருபது வயதில் ஒன்று பாய்ந்தது. பாட்டி ஒருத்தி நாக்கால் எடுத்தாள். முழுசும் வந்ததோ என்னவோ!"

பணியாளர் முகம் மாறிற்று. கண்ணை எக்சு கதிர்ப்படம் எடுத்தனர். வெண்புள்ளி ஒன்று தெரிந்தது. காந்தப் படத்தைக் கைவிட்டு வேறுமுறைப் படம் எடுத்தனர்.

அந்தத் துகளால் என்ன நேர்ந்திருக்கும்? மாழைத் தகட்டுப் பணியாளர் ஒருவர் கண்ணுள் மறைந்திருந்த சிறுதுகள் காந்தப் புலத்தில் அசைந்து, உள்ளே குருதி பெருகி, அக்கண் பார்வையிழந்ததை 1986-இல் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்று வெளியிட்டது. 1.5 தெசுலாக் கருவியின் காந்த வலிமை புவிக்காந்தத்தைப்போல் ஏறத்தாழ 30,000 மடங்கு. படம் எடுக்காத வேளையிலும் அது ஓய்வதில்லை. 2018 சனவரி 27 அன்று மும்பை நாயர் மருத்துவமனையில், உறவினர்க்குத் துணையாக வந்த 32 அகவை இளைஞர் உயிர்வளி உருளையோடு அவ்வறைக்குள் சென்று கருவியால் ஈர்க்கப்பட்டு இறந்தார். அவர் நோயாளியே அல்லர்! துணைவருவோரையும் படிவம் வினவ வேண்டாவா?

இப்போது தாளை ஒழித்துக் கணினித்திரையில் படிவம் நிரப்பும் முறை பரவி வருகிறது. வரவேற்கிறேன். விடையளிக்காத வினாவைக் கணினி தாண்டவிடாது. எழுத்தறியாதார்க்குக் குரலால் கேட்கும். பேசுமேக்கர் பொருத்தியவரைக் காந்த அறையின் வாயிலிலேயே திருப்பியனுப்பிய காலம் உண்டு; 2011-இல் வரையறைக்குட்பட்டுப் படமெடுக்க இசைவு பெற்ற வகை அமெரிக்காவில் வந்தது. ஆகவே 'உண்டு' என்ற விடை போதாது, எந்த வகை என்பதும் வேண்டும். அந்த அட்டை நம் வீட்டில் எந்தப் பெட்டியடியில் கிடக்கிறதோ! கணினியில் பதிந்திருந்தால் நொடியில் கிட்டும்.

ஆனால் அதே கணினியில் 'இல்லை' என்பதை முன்னரே நிரப்பி வைத்தாலோ, சென்றமுறை விடையை அப்படியே இறக்கினாலோ, தாள் செய்த பிழையை அது இன்னும் விரைவாகச் செய்யும். ஆங்கிலத் திரைமுன் கைநாட்டு வைக்கும் மூதாட்டிக்குத் தாளாயினும் திரையாயினும் ஒன்றே. இருவேறு பணியாளர் தனித்தனியே வினவுக என்கிறது அமெரிக்கக் கதிரியல் கல்லூரியின் நெறி. புரியாத மொழியில் இருபதுபேர் வினவினும் பயன் யாது?

மொழிபெயர்த்தால் மட்டும் போதுமா எனின், போதாது. தாலிக்கயிற்றில் ஊக்கு கோத்திருக்கிறீர்களா என்று எந்த ஆங்கிலப் படிவம் கேட்கும்? நம் பெண்டிர் கழற்ற மறப்பது அதைத்தான். 'இம்ப்ளாண்ட் உண்டா' என்றால் விழிப்பார்கள். 'எலும்பு முறிந்து உள்ளே தகடு வைத்தார்களா, காது கேளாத பிள்ளைக்கு உள்ளே கருவி வைத்தார்களா' என்றால் உடனே சொல்வார்கள்.

இங்கே ஒன்று சொல்வேன், சிலர் முகஞ்சுளிக்கலாம். 1960-இல் திருத்தணி நம்மோடு இணைந்தது. ஆயினும் எல்லைக்கோடு எவர் வீட்டு அடுப்பங்கரையிலும் ஓடவில்லை. தெலுங்கு பேசும் நெசவாளர் குடும்பங்கள் நம் தெருவில் உள்ளன. அவர்க்குத் தெலுங்கிலேயே வினவ வேண்டும். உயிர் காக்கும் வினாவைத் தாய்மொழியில் கேட்கும் உரிமை நமக்கு மட்டும் உரியதன்று.

வினாக்களைத் தமிழில் எழுதி அந்நிலையத்தாரிடம் தந்துள்ளேன். தெலுங்கில் எழுதித்தர என் மாணவனின் தந்தை இசைந்துள்ளார். கணினியில் ஏற்றுவதாகச் சொன்னார்கள்; இன்னும் ஏறவில்லை. அடுத்த திங்கள் மீண்டும் செல்கிறேன். உடன்வர விரும்புவோர் கூட்டம் முடிந்ததும் பெயர் தருக.